பதினான்கு பக்கங்களும் ஒரு தபால்காரரும்

"ஜூலை 9, செவ்வாய். காலையிலிருந்து மழை. வேலாயுதம் தம்பதிக்குக் கோப்பின் நகல் கொடுத்தேன். பக்கங்கள் பதினான்கு. கையெழுத்து வாங்கியாயிற்று."

என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். தேதி, கிழமை, மழை, பக்கங்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கின்றன. எழுதியிருக்க வேண்டிய ஒன்று மட்டும் இல்லை. அது என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக அனுபவங்களை எழுதித் தரும்படி மையத்தில் கேட்டார்கள். இருபத்தாறு ஆண்டுகள் புனேயில் இந்த வேலையைச் செய்தேன். குழந்தைக்கு ஏதோ குறை இருக்கிறது என்று தெரிந்ததும் பெற்றோருக்கு எங்கே போவதென்று தெரியாது. எந்த மருத்துவமனையில் பரிசோதனை, எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும், எந்தத் தாளை யாரிடம் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று கூடவே நடந்து வழிகாட்டுவது நம் வேலை. அதன் நடைமுறைகள் உங்கள் பயிற்சிக் கையேட்டில் இருக்கின்றன. கையேட்டில் இல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

முதலில் அந்த நகல் விவகாரம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய கோப்பின் முழு நகலைக் கொடுக்க வேண்டும் என்ற விதியை நம் மையத்தில் கொண்டுவந்தவள் நான்தான். அதற்கு முன் ஒரு தாயின் மூன்று வருடத் தாள்கள் ஒரு பள்ளி அலுவலகத்தில் காணாமல் போய், அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. "பிள்ளை உங்களுடையது, தாளும் உங்களுடையது" என்று சொல்லித்தான் நகலைக் கொடுப்பேன். அந்த விதியைப் பற்றி எனக்குப் பெருமையும் உண்டு. பெருமைப்படும் இடத்தில் நாம் கவனமாகப் பார்ப்பதில்லை என்பதை அப்போது நான் அறியவில்லை.

வேலாயுதத்துக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் பிடித்துவிடுவார். மனைவி கோமதி. மகள் சங்கரி, பத்தாம் வகுப்பு, ஆங்கில வழிப் பள்ளி. விஷ்ராந்த்வாடியில் மூன்றாவது மாடியில் வீடு.

சங்கரிக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. பாடத்தை யாராவது வாசித்துக் காட்டினால் போதும், கேள்விக்கு வாயால் அழகாகப் பதில் சொல்வாள். மின்சுற்றை எனக்கு விளக்கியதே அவள்தான். எழுத்தைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் மட்டும் மூன்றாம் வகுப்புக் குழந்தை போலத் திணறுவாள். கற்றல் குறைபாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் சொன்னால் போதாது. அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டி, அவள் சொல்வதை எழுத ஒருவர் கிடைப்பார். இங்கே அவரை ரைட்டர் என்கிறோம். கூடுதல் நேரமும் கிடைக்கும். இல்லையென்றால், தெரிந்த பதிலை எழுத முடியாமல் மூன்று மணி நேரம் வினாத்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆகஸ்ட் 31-க்குள் சான்றிதழைக் கொடுக்க வேண்டும் என்று அவளுடைய பள்ளி சொல்லியிருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாயன்று மருத்துவமனையில் பரிசோதனை நடந்தது. 20-ஆம் தேதி அறிக்கை என் மேசைக்கு வந்தது. வாசிப்புத் திறன் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது, சான்றிதழுக்குத் தகுதி இல்லை.

இங்கே என் முதல் தவறு. கோமதிக்கு உடனே போன் செய்து, "குறை இல்லைன்னு வந்திருக்கு, ஒரு வகையில சந்தோஷம்தானே" என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். கோமதி மெதுவாகக் கேட்டார்.

"அப்பம் நேத்து ராத்திரி சயின்ஸ் புக்க வச்சுட்டு அழுதாளே, அது யாரு டீச்சர்?"

போனை வைத்துவிட்டு அறிக்கையை மறுபடி எடுத்தேன். இந்த முறை முடிவை விட்டுவிட்டு உள்ளே இருந்ததைப் படித்தேன். எனக்குப் பழைய நாட்குறிப்புகள், பயணக் குறிப்புகள் படிக்கும் பழக்கம் உண்டு. ஒரே ஆள் எழுதிய இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில்தான் சுவாரசியம் தொடங்கும். இந்த அறிக்கையிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. வாசிப்புப் பகுதியில் "பிரிட்ஜ்", அதாவது பாலம், என்ற சொல்லைப் பிழையின்றி வாசித்திருக்கிறாள். சொல்வதை எழுதும் பகுதியில் அதே சொல்லைப் பாதி எழுத்துகளோடு விட்டிருக்கிறாள். எழுத்துப் பிழை யாருக்கும் வரும். ஆனால் வாசிப்பில் ஒரு பிழைகூட இல்லை, எழுத்தில் பத்துக்கு எட்டு தவறு. என் இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. எனக்குக் கவலையைவிட ஆவல்தான் அதிகமானது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை வேலாயுதத்துக்கு வார விடுமுறை. 22-ஆம் தேதி அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோமதி டீ கொண்டுவந்தார். சங்கரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏதாவது வாசித்துக் காட்டச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியில வாசிச்சியே, அதையே வாசிச்சுக் காட்டுட்டி. டீச்சரும் கேக்கட்டும்" என்றார் வேலாயுதம். குரலில் பெருமை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். ஓரங்களை வெட்டிச் சீராக்கி லேமினேஷன் செய்திருந்தார்.

பார்த்ததும் டீயைக் கீழே வைத்தேன். மழையில் ஒரு தபால்காரர் மரப்பாலத்தைக் கடக்கிறார், பின்னால் ஒரு நாய் வருகிறது. பதினோரு வரி ஆங்கிலம். நம் மையத்தில் முதல்கட்டமாக வாசிக்கக் கொடுக்கும் அதே பகுதி. மருத்துவமனையிலும் அதைத்தான் அப்போது பயன்படுத்தினார்கள்.

சங்கரி வாசித்தாள். தங்குதடை இல்லை. நாய் வரும் இடத்தில் குரலை உயர்த்தக்கூடச் செய்தாள். நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் ஐந்தாம் வரியில் இருக்கும்போது விரல் நாலாம் வரியின் நடுவில் இருந்தது.

"சங்கரி, இதுல பிரிட்ஜ்ங்கிற சொல் எங்க இருக்குன்னு காட்டு" என்றேன்.

அவள் தேடவில்லை. முதல் வரிக்குப் போனாள். உதடு மட்டும் அசைய, தொடக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே விரலை நகர்த்தினாள். பாலம் வந்ததும் விரலை வைத்தாள். விரல் இருந்தது குடை என்ற சொல்லின் மேல்.

வேலாயுதத்திடம் கேட்டேன். "எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தீங்க, சார்?"

"இருவத்துமூணு நாள், டீச்சர். டூட்டி முடிஞ்சு வந்து தினம் ஒரு மணி நேரம். டெஸ்டுன்னு நீங்கதான சொன்னீங்க? டெஸ்டுக்குப் பிள்ளையத் தயார் பண்ணாம யாராச்சும் அனுப்புவாங்களா?"

"நான் அப்பமே சொன்னேன் டீச்சர், இது அந்த மாதிரி பரீட்சை இல்லன்னு. கேட்டாத்தான" என்றார் கோமதி.

"நீ என்னத்தச் சொன்ன? அன்னைக்குக் காலையில, பரீட்சைக்குப் போறவளுக்கு நல்லதுன்னு, பக்கத்து வீட்டு மராத்திக்கார காக்கூகிட்ட தயிரும் சர்க்கரையும் வாங்கி அவ வாயில ஊட்டிவிட்டது யாரு?"

"அது அவங்களாக் குடுத்தாங்க. வேண்டாம்னா சொல்ல முடியும்?"

நீங்கள் சிரிக்கலாம். நானும் பின்னால் சிரித்தேன். ஆனால் நம்மவர்கள் செய்யக்கூடிய தவறு இது என்பதை மனதில் வையுங்கள். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, பரீட்சை எழுதி எழுதியே ஒரு வேலையையும் வீட்டையும் சம்பாதித்தவர்கள். 'டெஸ்ட்' என்று சொன்னால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், பிள்ளை நன்றாகச் செய்ய வேண்டும். சான்றிதழும் வேண்டும், மதிப்பெண்ணும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும் என்பதை நான் விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை.

நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, வேலாயுதம் இன்னொரு தாளைக் கொண்டுவந்தார். கட்டம் போட்ட அட்டவணை. ஜூலை 14 முதல் ஆகஸ்ட் 5 வரை ஒவ்வொரு நாளும் எத்தனை பிழை என்று குறித்திருந்தார். தொழிற்சாலையில் செய்வதைப் போலவே, ஒவ்வொரு நாளுக்கும் கீழே கையெழுத்து. முதல் நாள் நாற்பத்தேழு. கடைசி இரண்டு நாள் பூஜ்யம்.

"பதினோரு வரியில நாப்பத்தேழு பிழையா?"

"ஆமா டீச்சர். எங்க கம்பெனியில இப்படி ஒரு லாட் வந்தா அப்படியே திருப்பி அனுப்பிருவோம்" என்று சிரித்தார்.

கோமதி சிரிக்கவில்லை. "பிள்ளைய எங்க திருப்பி அனுப்ப?" என்றார்.

நான் அவர்களிடம் நேராகச் சொன்னேன். வாசிப்பு நன்றாக இருப்பதாக மருத்துவமனை நினைத்ததால்தான் சான்றிதழ் இல்லை. வேலாயுதத்தின் முகம் மாறியது. "அப்ப நான்தான் பிள்ளை காரியத்தக் கெடுத்தேனா?" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு நாளுக்கு முன் போனில் அவசரப்பட்டுச் சொன்ன ஆறுதல் நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு அட்டவணையை என் பக்கம் இழுத்தேன்.

அப்போதுதான் சங்கரி வாயைத் திறந்தாள். அவள் தமிழ் புனே தமிழ். பாதியில் இந்தி வந்துவிடும்.

"டீச்சர், எனக்குத் தெரியும். தப்பா படிச்சா ரைட்டர் கிடைக்கும்னு அம்மா சொல்லியிருந்தாங்க."

"தெரிஞ்சுமா சரியாப் படிச்ச?"

"எனக்கு அந்த ஒரு பேஜ் மட்டும்தான் வரும். கிளாஸ்ல நான் ஸ்டார்ட் பண்ணினாலே எல்லாரும் ஹஸ்தே ஹைன், சிரிப்பாங்க. அங்க அந்த டாக்டர் சிரிக்கல. ஒரு தடவையாவது நிறுத்தாம படிக்கணும்னு... பஸ், அவ்ளோதான்."

இத்தனை வருடத்தில் எவ்வளவோ பெற்றோருக்கு அறிவுரை சொல்லியிருக்கிறேன். அன்று ஒரு பதினைந்து வயதுப் பெண் சொன்னதை அவள் வார்த்தைகளிலேயே குறித்துக்கொண்டேன்.

கையில் இருந்தது ஒன்பது நாள். பள்ளியின் ஒருங்கிணைப்பாளரிடம் போனில் பேசினேன். "அன்னிக்குக் காய்ச்சல்னு எழுதிக் கொடுங்க, மறுபரிசோதனை கேளுங்க, முடிஞ்சது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது. உண்மையை எழுதினால் இரண்டு பேர் பெயர் கெடும். சொல்லிக்கொடுத்து அனுப்பியதாக வேலாயுதத்தின் பெயர். பரிசோதனைத் தாள் வெளியே போனதற்காக நம் மையத்தின் பெயர். மையம் அனுப்பும் பிள்ளைகளை இனிமேல் மருத்துவமனை நம்பாமல் போகலாம்.

"என் பேரு வராமப் பண்ண முடியுமா டீச்சர்?" என்று வேலாயுதம் கேட்டார்.

"காய்ச்சல்னு எழுதலாம். வராது" என்றேன். "ஆனா அப்படி எழுதினா இந்த அட்டவணையைக் காட்ட முடியாது. காய்ச்சல் வந்த பிள்ளை எப்படிப் பிழையில்லாம வாசிச்சுதுன்னு கேட்டா நம்மகிட்ட பதிலும் இல்லை."

அவர் அட்டவணையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "எழுதுங்க. கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே எழுதினேன். நடந்ததை நடந்தபடி, ஒரு பக்கம். அவரும் கையெழுத்திட்டார், நானும் இட்டேன்.

மறுநாள் வெள்ளி. அவர் விடுப்பு எடுத்தார். அவரும் சங்கரியும் நானும் மருத்துவமனையில் காத்திருந்தோம். அந்தப் பிரிவின் தலைவர் ஒரு மராத்திப் பெண்மணி, சங்கரியைப் பரிசோதித்த டாக்டரும் அவர்தான். பல வருடப் பழக்கம், ஆனால் வேலையில் கறார். கடிதத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேலாயுதத்தைப் பார்த்தார்.

"ரோஸி ஜி," என்றார் என்னிடம், இந்தியில். "பிள்ளையை மோசமாகச் செய்யும்படி பழக்கிக் கூட்டிவருகிறவர்களை மாதாமாதம் பார்க்கிறேன். நன்றாகச் செய்யப் பழக்கி, கிடைக்க வேண்டியதைக் கெடுத்துக்கொண்டவரை இப்போதுதான் பார்க்கிறேன்."

வேலாயுதத்துக்கு அது திட்டா பாராட்டா என்று தெரியவில்லை. "சாரி மேடம்" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் அட்டவணையை எடுத்தார். நான் எதிர்பார்த்ததைவிட நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு அதன் ஒரு கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார். ஜூலை 24-இல் பத்தொன்பதாக இருந்த பிழை, 25-இல் முப்பத்துநாலு ஆகியிருந்தது.

"அன்று என்ன நடந்தது?"

வேலாயுதம் யோசித்தார். "வியாழக்கிழமை, மேடம். எனக்கு லீவு. எழுத்து சின்னதா இருக்கிறதாலதான் தடுமாறுதோன்னு நினைச்சு, ஜெராக்ஸ் கடையில அதையே பெரிய எழுத்தில டைப் பண்ணி வாங்கிட்டு வந்தேன். அதுல அவளுக்கு வரவேயில்ல. மறுபடி பழைய தாளையே குடுத்துட்டேன்." இதை நான் இந்தியில் சொன்னேன்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். எழுத்து பெரிதானால் வாசிப்பவருக்கு எளிதாகத்தான் ஆகும். வரிகள் உடையும் இடம் மாறியதும் இந்தப் பெண் தொலைந்துபோனாள் என்றால், அவள் எழுத்தை வாசிக்கவே இல்லை. எந்த வரியின் தொடக்கத்தில் எது வரும் என்று காதால் கேட்டு மனதில் வைத்திருக்கிறாள். "இரண்டு மணி நேரப் பரிசோதனையில் எங்களுக்குத் தெரியாதது இவருடைய ஒரு கட்டத்தில் இருக்கிறது" என்றார். பிறகு சங்கரியிடம் திரும்பி, தலையைத் தடவி, "பதினோரு வரி மனப்பாடம். நான்கூட நம்பிவிட்டேன்" என்றார். அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

உடனே என் பக்கம் திரும்பினார். சிரிப்பு இல்லை. "இந்தத் தாள் இவர்கள் கைக்கு எப்படிப் போனது?"

"எங்கள் கோப்பின் நகலோடு போயிருக்கலாம். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அதையே எழுத்திலும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். லேமினேஷன் தாளை அவர் தம் கோப்பில் வைத்துக்கொண்டார்.

28-ஆம் தேதி, புதன். வேறு பகுதியை வைத்து மறுபரிசோதனை. இந்த முறை வேலாயுதம் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. தயிர் சர்க்கரையும் இல்லை. மூன்றாம் வரியில் சங்கரி நின்றுவிட்டாள். வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. சான்றிதழ் கிடைக்க வேண்டுமென்றால் அவள் அந்தத் தோல்வியை இன்னொருவர் முன்னால் அனுபவித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. நம் வேலையில் இது அடிக்கடி நடக்கும். பிள்ளைக்கு என்ன முடியாது என்பதை நிரூபிக்கத்தான் நாம் கூட்டிப்போகிறோம். வெளியே வரும்போது அதற்கு ஈடாக ஏதாவது கொடுக்க முடியுமா என்று பாருங்கள். நான் அன்று கொடுக்க எதுவும் கொண்டுபோகவில்லை. வேலாயுதம் கொண்டுபோயிருந்தார். மருத்துவமனை வாசலில் மகளிடம், "அந்தத் தபால்காரன் கதையச் சொல்லுட்டி, கேப்போம்" என்றார். தாள் இல்லாமல், ஆட்டோ கிடைக்கும்வரை, அவள் சொல்லிக்கொண்டே நின்றாள்.

30-ஆம் தேதி சான்றிதழ் வந்தது. 31-இல் பள்ளியில் கொடுத்தோம். சங்கரி ரைட்டரோடு தேர்வு எழுதி, பாஸாகி, இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள்.

டாக்டரிடம் விசாரித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? விசாரித்தேன். "உங்க ஃபைல்லதான் இருந்துச்சுன்னு நினைக்கேன், டீச்சர்" என்றார் வேலாயுதம். "இல்ல, அம்மாமார் வாட்ஸாப் குரூப்புல யாரோ போட்டிருந்தாங்க. நான்தான் பிரிண்ட் எடுத்தேன்" என்றார் கோமதி. இருவரும் அடித்துச் சொல்கிறார்கள். குரூப்பில் பழைய செய்திகள் அழிந்துவிட்டன. நம் மையத்தின் தாளாக இருந்தால் ஓரத்தில் முத்திரையும் பஞ்ச் செய்த துளையும் இருக்கும். ஆனால் லேமினேஷனுக்காக வேலாயுதம் வெட்டி எறிந்தது அந்த ஓரங்களைத்தான். மூலக்கோப்பைப் பார்க்கலாம் என்றால், ஜூலைக் கடைசியில் மையம் ஔந்த் பகுதிக்கு மாறியபோது கோப்புகளில் புதிய தாள்களைச் சேர்த்து மறுபடி எண் போட்டுவிட்டோம். அன்றைய பதினான்கு எவை என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. போன மாதம் சங்கரியிடமும் போனில் கேட்டேன். "அப்பா குடுத்தாங்க டீச்சர். அவ்ளோதான் யாத், ஞாபகம் இருக்கு" என்றாள்.

முழு நகல் கொடுக்கும் விதியை நான் எடுத்துவிடவில்லை. நீங்களும் எடுத்துவிடாதீர்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பாருங்கள். எத்தனை என்று எழுதுவதோடு எவை என்றும் எழுதுங்கள். நான் எண்ணிக்கையை மட்டும் எழுதினேன்.

ஆகவே, டாக்டருக்கு நான் கொடுத்த கடிதத்தில் இருந்ததைத்தான் இங்கும் சொல்ல முடிகிறது. ஜூலை 9, செவ்வாயன்று என் கையால் கொடுத்த பதினான்கு பக்கங்களில் அந்தத் தபால்காரர் இருந்தாரா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.